ரொட்டிக்கு உண்டான சொல்

குல வரிசையில் பெண்களின் பெயர் ஏறுவதில்லை. ஏழு தலைமுறைத் தந்தையரின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லத் தெரியாதவனைக் கிர்கிஸ் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். அந்த ஏழு பேரைப் பெற்றவர்கள் யாரென்று கேட்டால் மட்டும் பதில் வராது. கராக்கோல் நகரத்துச் சல்கினைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத நேர்ந்தது அதனால்தான். அவள் புகு குலத்துத் தொக்தோசுனின் கடைசி மகள், ஜுமாபெக்கின் தங்கை, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவள். இங்கே சொல்லப்படுபவை நடந்தபோது அவளுக்கு வயது முப்பத்து நான்கு. இரு வீட்டாரும் இதை இரு விதமாகச் சொல்கிறார்கள். இரு தரப்புப் பேச்சும் ஒத்துப்போகும் இடங்களை மட்டுமே நம்பி இது எழுதப்பட்டிருக்கிறது.

கராக்கோலில் ஒரு பந்தியில் நிரப்பி வைத்த கோப்பையை ஒருவர் தள்ளிவைத்தால், அதற்கு மூன்று காரணங்களை ஊர் மன்னிக்கும். மாத்திரை சாப்பிடுகிறார் என்பது ஒன்று. தொழுகையில் இறங்கிவிட்டார் என்பது மற்றொன்று. மருத்துவரிடம் போய்க் குடியை மறக்கடிக்கும் ஊசியை ஏற்றிக்கொண்டார் என்பது மூன்றாவது. இதற்குக் ‘கோடு போட்டுக்கொள்வது’ என்று பெயர். பெண்ணாக இருந்தால் நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை; வயிற்றைப் பார்த்துக்கொள்வார்கள். சல்கினுக்கு இந்த நான்கில் ஒன்றும் இல்லை. அவளுடைய தொல்லை அவ்வளவும் அதில்தான் இருந்தது.

அவள் குடிக்கு அடிமையாக இருந்தவள் அல்லள். எல்லாரையும் போலப் பிறந்தநாளுக்கும் புத்தாண்டுக்கும் குடித்தவள். முதல் திருமணமே ஒரு புத்தாண்டு விருந்தில் முடிவானதுதான். கணவனும் நல்லவன்தான். மணமாகி இரண்டாம் ஆண்டில் அவனுக்கு வயிற்றில் புண் வந்து, மருத்துவர் குடியை நிறுத்தச் சொன்னார். வீட்டில் புட்டி இல்லாத அந்த மாலைகளில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். சொல்வதற்கு ஒருவரிடமும் ஒன்றுமில்லை. சண்டையே இல்லாமல் பிரிந்தார்கள். அவன் தாய் பூட்டிய தோடுகளைக் கழற்றித் திருப்பிக் கொடுத்த சல்கின், அதன்பிறகு காதில் எதையும் போடவில்லை, காது தூர்ந்துபோனது.

பிறகு ஓரிருவர் வந்தார்கள், போனார்கள். ஒரு நாள் காலையில் அவர்களில் ஒருவன் தொலைபேசியில் அழைத்து, நேற்று நீ சொன்ன வார்த்தையைச் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று தழுதழுத்தான். எந்த வார்த்தை என்று சல்கினுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவனிடம் கேட்கவும் கூசியது. இதுவரை தான் ஒரு ஆணிடம் சரி என்று சொன்ன எந்தத் தருணத்திலும் கையில் கோப்பை இல்லாமல் இருந்ததில்லை என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. இனி எந்த ஆணுக்கும் தனக்கும் நடுவில் கோப்பை இருக்காது, ஒரு மிடறுகூட, என்று அப்போது முடிவு செய்தாள்.

பாவம் என்றோ கேடு என்றோ அவள் ஒருநாளும் சொன்னதில்லை. குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸை அவள் குடிப்பதைப் பார்த்த அண்ணன் ஜுமாபெக், அதிலும்தான் போதை உண்டு என்று சீண்டினான்.

“குமிஸக் குடிச்சிட்டு எவளும் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னதில்ல பைக்கே,” என்றாள் தங்கை. அண்ணனை அங்கே பைக்கே என்றுதான் அழைப்பார்கள்.

ஜுமாபெக்கின் மனைவி ரிஸ்கூல், நாத்தனாருக்கு வரன் பார்ப்பதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டவள். அவள் அனுப்பிய முதல் ஆள் உணவு விடுதியில் கேட்காமலே இருவருக்கும் கோன்யாக் பிராந்தி சொல்லிவிட்டான். சல்கின் தேநீர் கேட்டதும், வேலைக்கு விண்ணப்பித்தவனைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, பிறந்த ஆண்டில் தொடங்கித் தன் வரலாற்றை ஒப்பித்தான். அடுத்தவன் குரலைத் தாழ்த்தி, கோடு போட்ட மருத்துவரின் விலாசம் கிடைக்குமா, தம்பிக்கு வேண்டும் என்று கேட்டான். மூன்றாமவன் தொழுகைக்காரன். குடிக்காத பெண் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்துபோய் வந்தவன், தலையில் துணி கட்டிக்கொள்வதைப் பற்றியும், வீடு வீடாகப் போகும் வேலையை விடுவதைப் பற்றியும் பேசத் தொடங்கினான்.

“நான் நிறுத்தினது குடிய மட்டும்தான்,” என்று சொல்லிவிட்டுத் தேநீருக்கான காசைத் தானே வைத்து எழுந்து வந்தாள்.

ரிஸ்கூல் தலையில் கைவைத்துக்கொண்டாள். குடிக்காமல் உட்கார்ந்தால் ஆண்களுக்கு நாக்கு அசையாது, ஒரு கோப்பை உள்ளே போனால்தானே மனம் திறக்கும் என்பது அவள் வாதம். அப்படித் திறக்கும் மனம் காலையில் மூடிக்கொள்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று சல்கின் கேட்டாள்.

உசோனை அவளுக்கு யாரும் காட்டித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைத்தெருவின் அஷ்லான்-ஃபு சந்துக்குள் போனால், முந்திய நாள் விருந்தாடிய ஆண்களில் பாதிப் பேரை அங்கே பார்க்கலாம். புளிக்காடியும் மிளகாயும் மிதக்கும் அந்தக் குளிர்ந்த நூடுல்ஸைக் குடித்தால்தான் அவர்களுக்குத் தலைவலி இறங்கும். துங்கான் இனத்துக் கடைக்காரப் பெண் ஆளின் கண்ணைப் பார்த்தே மிளகாயை அளந்து போடுவாள். அப்படி ஒரு ஞாயிறன்று ஒரே பலகையின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்த சல்கினையும் உசோனையும் பார்த்து, நேற்று ராத்திரி பலமா என்று அவள் கேட்டாள். இல்லை என்று இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. பிறகு ஏன் இங்கே வந்தீர்கள் என்றாள் கடைக்காரி. பசி, என்றான் உசோன். சந்தில் இருந்தவர்கள் தலைவலியோடு சிரித்தார்கள்.

அவன் மலைமேல் பனிச்சறுக்குத் தளத்தில் நாற்காலி இழுவையைப் பழுது பார்க்கும் மெக்கானிக். இரட்டையரில் இளையவன், மூத்தவன் அசான் மாவட்டம் முழுதும் பெயர் பெற்ற தமதா. விருந்துகளில் வாழ்த்துச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் குடிக்கவைப்பதுதான் தமதாவின் தொழில். உசோன் விருந்துகளில் குடிப்பவன்தான். சல்கின் தன் நிபந்தனையைச் சொன்னபோது அவன் சிறிது யோசித்து, சரி, ஆனால் எனக்குப் பேச வராது என்றான்.

உண்மையிலேயே வரவில்லை. முதல் சந்திப்பில் ஏரிக்கரையின் பழைய படகுத்துறை வரை நடந்தார்கள். பாதி வழியில் பேச்சு தீர்ந்தது. வேறு எந்தச் சந்திப்பிலும் அந்த இடத்தில் ஒருவர் புட்டியைத் திறந்திருப்பார். இங்கே காப்பாற்ற யாருமில்லை. குளிரில் மூக்கு சிவக்க இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பும்போது, இழுவைக் கம்பி அறுந்தால் மேலே தொங்கும் ஆட்களை எப்படி இறக்குவது என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். பேருந்து நிலையம் வந்தும் முடிக்கவில்லை.

கோடையில் ஒரு சச்சரவு வந்தது. எதற்காக என்பது இருவருக்குமே சரியாக நினைவில்லை. ஆனால் உசோன் சொன்னது நினைவிருக்கிறது. ஒரு தடவை கழற்றி மாட்டிய இயந்திரத்தில் எப்போதும் ஒரு நட்டு குறையும் என்று, அவளது முதல் திருமணத்தைக் குத்திச் சொல்லிவிட்டான். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரில் வேறு எந்த ஆணாக இருந்தாலும் மறுநாள் வந்து, போதையில் உளறிவிட்டேன் என்று ஒரு வரியில் முடித்திருப்பான். உசோனுக்கு அந்த வரி இல்லை. கிட்டத்தட்ட ஒரு வாரம் அவன் ஆளையே காணவில்லை. பிறகு ஒரு மாலை மின்வாரிய வாசலில், எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு வந்து நின்றான்.

“வாய் தவறி வந்ததில்ல. அப்போ அப்படித்தான் நெனச்சேன்,” என்றான். “இப்போ நெனக்கல.”

அதற்குள் அவளிடம் எத்தனையோ மன்னிப்புகள் வந்திருந்தன. நின்று, நிதானத்தில், முழுதாகச் சொல்லப்பட்ட முதல் மன்னிப்பு இதுதான். இவனைத்தான் மணந்துகொள்வது என்று சல்கின் தீர்மானித்தது அந்த வாசலில்.

அக்டோபரில் உசோன் அவளைத் தன் தாய் சாய்ரகானிடம் தேநீருக்கு அழைத்துப் போனான். சாய்ரகான் இரட்டையரைத் தனியாளாக வளர்த்தவள். வாயும் கையும் தாராளம். திராட்சை மது ஊற்றினாள். சல்கின் கோப்பையை மெதுவாகத் தள்ளிவைத்தாள். சாய்ரகான் அவள் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், பிறகு எழுந்து போய்ப் புளிக்க ஊறவைத்த வெள்ளரிக்காய்ச் சாடியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். கோப்பையைத் தள்ளியதற்குக் கோபப்படாத ஒரு தாய் என்று சல்கின் நெகிழ்ந்து போனாள். வெள்ளரிக்காயையும் நிறையத் தின்றாள். அன்று நடந்த பிழை அதுதான்.

நவம்பரில் சம்பந்திகள் கூடுவதென்று நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் காதில் தோடு பூட்டினால் பேச்சு உறுதி. அதற்கு முன் இரு வீட்டாரும் சம்பந்திக் கோப்பையைக் காலி செய்தாக வேண்டும். ரிஸ்கூல் நெய் தடவிய ஊசியால் நாத்தனாரின் தூர்ந்த காதுகளைத் திறந்துவிட்டு, வோட்கா கோப்பையில் வெறும் தண்ணீரை ஊற்றித் தருகிறேன், கண்டுபிடிக்க யாரால் முடியும் என்றாள். சல்கின் மாட்டேன் என்றாள். அப்படியானால் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவதாகச் சொல் என்றாள். அதற்கும் மாட்டேன்.

“குடிக்கச் சொல்லலடி. சும்மா வாய் தொட்டாப் போதும்.”

“வாய் தொட்டா, குடிக்கிறவன்னு ஆயிடும் ஜெங்கே. அப்புறம் ஆயுசு பூரா தொட்டுக்கிட்டே இருக்கணும்,” என்றாள் சல்கின். அண்ணியை அங்கே ஜெங்கே என்று அழைப்பார்கள்.

அதைவிட அவளை உலுக்கியது, அதே வார்த்தைகளை உசோனும் சொன்னதுதான். அம்மாவுக்காக ஒரே ஒரு முறை வாய் தொட்டு வைத்துவிடு, எனக்கு இருப்பது அவள் ஒருத்திதானே என்றான். நீயுமா என்று அவள் கேட்கவில்லை. முடியாது என்று மட்டும் சொன்னாள். சம்பந்திகள் வரும்வரை அந்தத் திருமணம் நடக்குமா நடக்காதா என்பது இருவருக்குமே தெரியாது.

வந்தார்கள். ஜுமாபெக்கின் வீட்டில் ஆட்டுத் தலையும் பொரித்த மாவுத் துண்டுகளும் ரொட்டிக் குவியலுமாகப் பந்தித் துணி விரித்தாயிற்று. அசான்தான் தமதா, தம்பியின் காரியத்துக்கு வேறு யார்? எல்லார் கோப்பைகளும் நிறைந்தன. சல்கினின் கோப்பைக்குப் புட்டி வந்தபோது, சாய்ரகான் குறுக்கே கை நீட்டி மறித்து, அவளுக்கு வேண்டாம் என்று கண்ணைச் சிமிட்டினாள். ரிஸ்கூலுக்கு உயிர் வந்தது. சல்கினுக்குக் கண்ணில் நீர் கட்டியது.

அசான் எழுந்து நின்றான்.

“இன்னைக்கு ரெண்டு பேரா உக்காந்திருக்காங்க. அடுத்த வருஷம் இதே துணியச் சுத்தி மூணு பேரா உக்காருவாங்க. கணக்குத் தெரிஞ்சவங்க மாசத்த எண்ணிக்கோங்க, தெரியாதவங்க கிளாஸ எண்ணிக்கோங்க!”

சிரிப்பு கூரையைத் தொட்டது. அத்தனை கண்களும் சல்கினின் வயிற்றுக்கு இறங்கின. சாய்ரகான் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து வெள்ளித் தோடுகளை எடுத்தாள். வெள்ளரிக்காய்ச் சாடி எதற்காக வந்தது என்பது சல்கினுக்கு அப்போதுதான் புரிந்தது. ரிஸ்கூல் துணிக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். சும்மா இருந்தால் போதும். யாரும் கோப்பையை நீட்டப்போவதில்லை. தோடு காதில் ஏறிவிடும். பிறகு ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள்.

“நான் முழுகாம இல்ல,” என்றாள் சல்கின்.

யார் கையிலிருந்தோ கரண்டி விழுந்தது.

“மாத்திரை சாப்பிடல. கோடு போட்டுக்கல. தொழுகையும் கிடையாது. நான் குடிக்கிறதில்ல, அவ்வளவுதான். உசோனும் நானும் பழகினதெல்லாம் குடிக்காமத்தான். அவர் சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, நான் சொன்னது எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கு. இத மறைச்சுட்டு எனக்குத் தோடு வேண்டாம்.”

சாய்ரகானின் கை அந்தரத்தில் நின்றது. வயிற்றில் ஒன்றும் இல்லை என்ற ஏமாற்றம் ஒரு பக்கம். அதைவிட, அக்டோபரில் காரணமே இல்லாமல் தன் கோப்பை தள்ளப்பட்டது என்பது மறுபக்கம்.

“நோயும் இல்ல, நொடியும் இல்ல, என் கிளாஸ மட்டும் தொடமாட்டா,” என்றாள். “வாய் தொட்டு வச்சா என்ன, உதடு தேஞ்சா போயிடும்? என் கிளாஸையே தொடாதவ எனக்கு எப்படிடி மருமகளாவா?”

சல்கின் குவியலிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள். கராக்கோலில் எந்த வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும், எவ்வளவு அவசரத்தில் வந்தாலும், ரொட்டியை நீட்டி வாய் தொட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். ஒரு துணுக்காவது பிட்டு வாயில் போடாமல் போகக் கூடாது. மீட்டர் பார்க்கப் போகும் அவள் அப்படி ஊரில் பாதி வீடுகளின் ரொட்டியைத் தின்றவள்.

“வாய் தொடுறதுங்கறது ரொட்டிக்கு உண்டான சொல்லு, எனே,” என்றாள். மாமியாரை அழைக்கும் அந்தச் சொல்லை அவள் வாயில் எடுத்தது அதுவே முதல் முறை. “அத யாரு கொண்டுபோய் வோட்காவுக்கு வச்சாங்கன்னு எனக்குத் தெரியல. ரொட்டிய நீட்டுங்க, எத்தனை தடவ வேணும்னாலும் தொடறேன்.”

பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மீதியைச் சாய்ரகானின் பக்கம் நீட்டினாள்.

சாய்ரகான் வாங்கவில்லை. தோடுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தாள். அவளோடு வந்தவர்களும் எழுந்தார்கள். அசான் ஏதோ வேடிக்கை பேசி நிறுத்தப் பார்த்தான். அவன் தொழிலில் முதல் தடவையாக ஒருவரும் சிரிக்கவில்லை. உசோன் மட்டும் எழவில்லை. சல்கினின் கையில் இருந்த ரொட்டியிலிருந்து ஒரு துண்டைப் பிட்டான்.

“நீங்க போய்க்கிட்டே இருங்கம்மா. நான் இன்னும் வாய் தொடல.”

குளிர்காலம் முழுதும் ஊருக்கு இதே பேச்சு. வயிற்றில் இருந்ததைக் கலைத்துவிட்டாள் என்று சிலர். ஏதோ மதத்தில் சேர்ந்துவிட்டாள் என்று சிலர். பிடிவாதம் பிடித்துப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று ரிஸ்கூல் நேராகவே சொன்னாள். சல்கின் வழக்கம்போல வேலைக்குப் போனாள். ஞாயிறுகளில் உசோனோடு அஷ்லான்-ஃபு சந்தில் உட்கார்ந்தாள். ஒரு நாள் அசான் அங்கே வந்து பக்கத்தில் அமர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் கோப்பைக்கென்று தனிப் புட்டி வைத்திருப்பதாகவும், அதில் எப்போதும் தண்ணீர்தான் என்றும் ஒப்புக்கொண்டான்.

“தமதா குடிச்சா கல்யாணம் கரையேறுமா? ஆனா வெளிய சொல்லிடாத. எனக்குச் சோறு போடுறதே அந்தக் கிளாஸ்தான்.”

“நீங்க சொல்லியிருந்தா எனக்கு அன்னைக்கு ஒரு துணையாவது இருந்திருக்கும்,” என்றாள் சல்கின். அசானுக்கு மிளகாய் புரை ஏறியது.

தாயைக் கேட்காமலே பதிவு அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்று உசோன் இரண்டு முறை சொன்னான். சல்கின் இசையவில்லை. தோடு இல்லாமல் மணப்பேன், திருட்டுத்தனமாக மணக்கமாட்டேன் என்றாள்.

ஏப்ரலில் மின்வாரியத்தில் தெருக்களை மாற்றிப் பிரித்தபோது, சாய்ரகானின் தெரு அவள் பங்குக்கு வந்தது. உடன் வேலை செய்பவள் விஷயம் தெரிந்து, மாற்றிக்கொள்ளலாமா என்று தானாகக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சல்கின் அந்த வாசலைத் தட்டினாள். சாய்ரகான்தான் திறந்தாள்.

“மீட்டர் பாக்க வந்திருக்கேங்க.”

சாய்ரகான் வழிவிட்டாள். சல்கின் எண்ணை வாய்விட்டுப் படித்தாள், குறித்துக்கொண்டாள், திரும்பினாள். வாசலுக்கு வந்தவரை ரொட்டி காட்டாமல் அனுப்புவது சாய்ரகானால் ஆகாத காரியம். பகையாளியே ஆனாலும் ஆகாது. முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, தட்டை மட்டும் நீட்டியபடி நின்றாள். சல்கின் ஒரு துணுக்கைப் பிட்டாள்.

“கல்யாணத்தன்னைக்காவது குடிப்பியா?” என்று தோட்டத்தைப் பார்த்தே கேட்டாள் சாய்ரகான்.

“மாட்டேன்.”

“புள்ள பொறந்தா?”

“அதுக்கும் மாட்டேன்.”

“நான் செத்தா?”

“சாவு வீட்ல யாரும் வோட்கா ஊத்துறதில்லையே, எனே.”

சாய்ரகானின் வாயோரம் அசைந்தது; அடக்கிக்கொண்டாள். “இப்பத்தான் சுட்டு எடுத்த ரொட்டி. கொசு கடிச்ச மாதிரிப் பிக்காத, ஒழுங்காப் பிச்சுத் தின்னு,” என்றாள். சல்கின் பாதி ரொட்டியைப் பிட்டுக்கொண்டு, அங்கேயே நின்று தின்றாள். அவள் தின்னும்போதுதான் சாய்ரகான் முதன்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தாள்.

“காது மறுபடி தூந்துபோச்சு போல.”

“ஆமா.”

“குத்திக்கிட்டு வா.”

சல்கின் கையில் ஒட்டியிருந்த துணுக்குகளையும் உதறாமல் வாயில் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

“குத்திக்கிட்டு வர்றேன், எனே. ஆனா அன்னைக்கும் எனக்கு டீதான்.”